மேபலுக்கு ஒரு வாக்கு

அதெல்லாம் முடியாது ஒசுனா தம்பி. எங்க பாம்பு மேபலக் கொல்ல மாட்டேன்னு மொதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்புறம் எதுக்குக் கூப்பிட்டேன்னு நான் சொல்றேன். வனத்துறைச் சட்டையப் போட்டுட்டா வாயில ஒரு சத்தியம்கூட வராதா? சரி, உக்காருங்க. ஐஸ் டீ குடிங்க. சக்கரை தூக்கலாப் போட்டுட்டேன்னு நெனைக்கிறேன்.

ஹார்லனா? இருக்காரு, இருக்காரு. பின்னால பாம்பு ரூம்லதான் இருக்காரு. இப்ப வரமாட்டாரு. நீங்க வந்ததே அவருக்குத் தெரியாது. இந்த ஹோம்ஸ்டெட் ஊரு முழுக்கத் தேடுனாலும் எங்க வீட்டுக்காரருக்கு ஆகாத ஆளு நீங்க ஒருத்தர்தானே. உங்க பேரக்கூட சொல்ல மாட்டாரு, தடைக்காரன்னுதான் சொல்லுவாரு. தடைக்காரன் இன்னைக்கு டிவியில வந்தான், தடைக்காரன் பெட்ரோல் பங்குல நின்னான், இப்படித்தான். தப்பா எடுத்துக்காதீங்க.

இல்ல, மேபல் தப்பிச்சுப் போகல. ஐயோ, அதெல்லாம் இல்ல. ரூமுக்குள்ளதான் இருக்கா. கதவு பூட்டியிருக்கு, சாவி இந்தா, என் பாக்கெட்டுல. உள்ளயா? அவர உள்ள வச்சா பூட்டியிருக்கேன்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் வர்றேன், கொஞ்சம் பொறுங்க. எல்லாத்துக்கும் ஒரு வரிசை வேணாமா?

வர்ற வியாழக்கிழமை பாம்புத் தடைக் கூட்டத்துல என்ன முடிவு எடுப்பாங்கன்னு நெனைக்கிறீங்க? பெரிய பாம்பு எதுவுமே வீட்டுல வளக்கக் கூடாது, வச்சிருக்கறவங்க கொண்டாந்து ஒப்படைக்கணும், அதானே? எவனோ ஒருத்தன் குட்டியில ஆசைப்பட்டு வாங்கி, வளந்ததும் பயந்துபோயி கால்வாயில விட்டான். எவனோ ஒரு பாம்பு வியாபாரியோட கொட்டகையப் புயல் பிச்சுக்கிட்டுப் போச்சு. அதுங்க எவர்கிளேட்ஸ் சதுப்புக்காடு பூரா முட்டை வச்சுப் பெருகிருச்சு. அதுக்கு எங்க மேபல் என்ன செய்வா? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆகிப்போச்சு. அது பர்மா மலைப்பாம்பு, இவ வேற இனம். அந்தக் காட்டுல இவ இனத்துல ஒண்ணு இருக்கா, சொல்லுங்க? இதுவரைக்கும் இல்லன்னு அந்த இதுவரைக்கும்ல அழுத்துறீங்க பாருங்க, அந்த அழுத்தம்தான் அவருக்குப் பத்திக்கிட்டு வரும்.

உங்க பக்கம் ஞாயம் இல்லைங்கல. நானும் கண்ணத் தொறந்துட்டுத்தானே வண்டி ஓட்டுறேன். கல்யாணமான புதுசுல அந்தச் சதுப்பு ரோட்டுல போனா முயலு, ரக்கூன்னு குறுக்க குறுக்க ஓடி, பிரேக் போட்டே கால் வலிச்சுப் போகும். இப்ப ஒரு உசிரு குறுக்க வர்றதில்ல. போன கூட்டத்துல, பாம்பு வயித்துல இருந்து மான எடுக்கற படம் போட்டுக் காட்டுனீங்களே, அன்னைக்கு என்னால பாக்க முடியல. முகத்தத் திருப்பிக்கிட்டேன். இவரு பாத்தா கத்துவாரேன்னு தலைமுடிய சரி பண்ற மாதிரி நடிச்சேன்.

அந்தக் கூட்டத்துலதான் நீங்க சொன்னீங்க, ஒரு நாள் இல்ல ஒரு நாள் ஒரு வீட்டுக்குள்ளயே வளத்த பாம்பால ஒரு மனுஷன் உசிரு போகும்னு. ஞாபகம் இருக்கா? இவரு எந்திரிச்சு, குளியலறையில வழுக்கி விழுந்து சாவறவன்தான் இந்த நாட்டுல அதிகம், மொதல்ல சோப்பத் தடை பண்ணுங்கன்னாரு. கூடமே சிரிச்சுது. உங்க காது ரெண்டும் செவந்துபோச்சு. நானும் சிரிச்சேன் தம்பி. நல்லாச் சிரிச்சேன்.

கையா? ஒண்ணுமில்ல, காகிதப்பூச் செடி முள்ளு. முள்ளு குத்துனா இப்படிக் கன்னிப் போகாதுன்னு எனக்கும் தெரியும், விடுங்க. அந்த ரேடியோவ மேசைமேல வைங்க. இப்ப யாரையும் கூப்பிடாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்.

மேபல் இந்த வீட்டுக்கு வந்தப்ப என் மணிக்கட்டுல வளையல் மாதிரி சுத்திக்கிட்டுக் கெடப்பா. எனக்குப் புடிக்கல. எங்களுக்குப் புள்ளை இல்ல, ஒரு நாய் வளப்போம்னுதான் கேட்டேன். இவரு இதக் கொண்டாந்தாரு. பெரும்புயல் வந்து கூரை பறந்தப்போ நாங்க மூணு பேரும் குளியலறையிலதான் ராத்திரி பூரா. அவ தொட்டிக்குள்ள, நாங்க ரெண்டு பேரும் மெத்தைய மேல கவுத்துக்கிட்டுக் கீழ. இவரு தொட்டிக்குள்ள கையவிட்டு அவளத் தடவிக்கிட்டே சர்ச் பாட்டு பாடுனாரு. பாம்புக்குக் காதே கிடையாதுன்னேன். உனக்கு இருக்குல்லன்னாரு. அப்படி ஒரு மனுஷன்.

சொல்லிடறேன். கோவிச்சுக்காதீங்க, சொல்லிடறேன்.

இன்னைக்குக் காலைல பக்கத்து வீட்டுப் பாப்பா வளக்கற முயலு வேலியில பூந்து இங்க வந்துருச்சு. அந்தப் புள்ள தேம்பித் தேம்பி அழுதுச்சு. இவரு முட்டி வலியோட செடிக்கடியில படுத்து அதப் புடிச்சு, நெஞ்சோட அணைச்சுக் கொண்டுபோயிக் குடுத்தாரு. சன்னல்ல பாத்துட்டு நான் கடைக்குக் கெளம்பிட்டேன். கூட்டத்துல காட்ட மேபலோட ஒரு படம் வேணும், அவ எவ்வளவு சாதுன்னு சனங்க பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் வந்ததும் எடுத்துத் தர்றேன்னேன். அவசரக் குடுக்கை, காத்திருக்காமத் தனியா உள்ள போயிட்டாரு. கையக் கழுவுனாரா, சட்டைய மாத்துனாரா, எதுவும் தெரியாது. அவளுக்கு இரை போடவேண்டிய வாரம் வேற. முயல் வாசம் வந்தா அவளுக்கு ஆளு தெரியாது தம்பி. முயல்தான் தெரியும். அதுல கோவமும் இல்ல, வஞ்சமும் இல்ல.

ஆம்புலன்ஸ் வேணாம். முதியோர் இல்லத்துல வேலை பாத்தவ நான், எத்தனை பேருக்குக் கண்ண மூடி விட்டிருக்கேன். கழுத்துலயும் மணிக்கட்டுலயும் தொட்டுப் பாத்தேன். அவளுக்காக அவ்வளவு சூடா வச்சிருக்கற ரூமு, அதுல அவரு கை மட்டும் சில்லுனு இருந்துச்சு. போலீசக் கூப்பிட்டிருந்தா வந்தவன் கதவத் தொறந்ததும் துப்பாக்கியத்தான் எடுப்பான். அவ இன்னும் அவர விடலையே. குண்டு யாரு மேல பட்டா என்னன்னு சுடுவான்.

நான் அன்னைக்கே சொன்னேனேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இல்ல, நீங்க சொல்ல மாட்டீங்க. உங்க மொகத்தப் பாத்தா தெரியுது.

எனக்கு அவளத் துண்டு துண்டா வெட்டிப் போடணும்போல இருக்கு. கோடாலியக்கூட எடுத்துட்டேன். முடியல. அவரு கையால வளத்தது. வியாழக்கிழமை தடை வரட்டும், வந்துட்டுப் போகட்டும், இனி எனக்கென்ன? நீங்க அங்க என்ன வேணா பேசுங்க. அந்த மான் படத்துக்கு அடுத்த படமா மட்டும் என் ஹார்லனப் போட்டுடாதீங்க. இந்தத் தடவ அந்தக் கூடம் அவரப் பாத்துச் சிரிச்சா... வேணாம் தம்பி.

சரி. அந்தத் தலையாட்டல் போதும் எனக்கு. சத்தியம்னே எடுத்துக்கறேன்.

அவள வால் பக்கத்துல இருந்து பிரிக்கணும். உங்களுக்குத் தெரியும், உங்க அளவுக்குத் தெரிஞ்ச ஆளு அவருக்கு அப்புறம் இந்த ஊருல இல்ல. நான் தனியா இழுத்துப் பாத்தேன். ஒரு சுத்து பிரிச்சா என் கையச் சேத்து இறுக்கறா. ஒத்த ஆளா யாரும் அந்த ரூமுக்குள்ள போகக்கூடாதுன்னு இந்த வீட்டுல அவரு போட்ட சட்டம் அது ஒண்ணுதான். ரெண்டாவது ஆளு எப்பவும் நாந்தான். இப்ப எனக்கு ஒரு ரெண்டாவது ஆளு வேணும், அதான் கூப்பிட்டேன். எந்திரிங்க. அந்தக் குழாயில நல்லா சோப்புப் போட்டுக் கையக் கழுவிக்கிட்டு வாங்க.