நாற்பது பேருக்கு எண்ணெய்க் கத்திரிக்காய்

எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காம்பைக் கிள்ளி எறியக் கூடாது, மேடம். காம்போடு நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் போட வேண்டும். இதைச் சொன்னால் உங்கள் ஏட்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்கும் காலையிலிருந்து காரணமில்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது. அதனால் எதையும் ஒளிக்காமல் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தாண்டவராயன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கேன்டீன் சூப்பர்வைசர். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு பேர் சாப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் என் சாப்பாட்டால் ஒருத்தருக்கும் வயிற்றைக் கலக்கியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கு என் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே தங்கை, கனகம். பிள்ளைப்பாக்கத்தில் கோதண்டராமனுக்குக் கட்டிக்கொடுத்தோம். அந்த ஊரில் பாதிப் பேர் நிலத்தைக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டு ஷிஃப்டு பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒன்றரை ஏக்கரைப் பிடித்துக்கொண்டு கத்திரி போட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம் வடக்கேயிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் மூலமாக அவருக்கு ஒரு விதை கிடைத்தது. மரபணு மாற்றிய கத்திரி. கடித்த புழு அங்கேயே செத்துப்போகும். நம் நாட்டில் அதைப் பயிரிட அனுமதி கிடையாது. மாப்பிள்ளை யாரையும் கேட்கவில்லை, நட்டுவிட்டார்.

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை பூச்சிமருந்து அடிப்பார். ஒருமுறை அந்தக் காற்றில் நின்ற கனகம் வரப்பிலேயே மயங்கி விழுந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் இந்த விதையைத் தேட ஆரம்பித்தார். நியாயமான காரணம்தான். ஆனால் அதையெல்லாம் மைக்கில் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

மைக் என்றதும் ஞாபகம் வருகிறது, நான் நாட்டு விதைக்காகப் பேசுகிறவன். ஓய்வு நேரத்தில் ஆரம்பித்த பொழுதுபோக்கு. கோயில் மண்டபம், காலேஜ், வாசகர் வட்டம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவேன். மரபணு மாற்றிய இந்த விதையை எந்த அரசாங்கமும் முழுசாகச் சோதித்ததில்லை, இன்றைக்கு ஓசியில் கொடுப்பவன் நாளைக்கு நம் சொந்த நிலத்தில் நம்மைக் கூலியாக்குவான் என்பேன். இன்றைக்கும் அது உண்மை என்றுதான் நம்புகிறேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "புழு தின்னா சாகுற காயை உங்க புள்ளைக்கு ஊட்டுவீங்களா?" என்று கேட்பேன். அந்த ஒரு வரி வீடியோவை எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். காலையில் எழுந்ததும் பல் துலக்குமுன் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். சாம்பார் அண்டாவைக் கிளறும்போதுகூட எனக்குத் தலைகால் புரியாது.

அந்தச் சந்தோஷத்தைத்தான் மாப்பிள்ளை ஒரு நாள் டீக்கடையில் வைத்து உடைத்தார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பத்துப் பேர் நிற்கும் இடத்தில், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"மச்சான், பன்னெண்டு வருசமா நான் மருந்தடிச்ச காயத்தான் நீ உன் கேன்டீன்ல போட்டுக்கினு இருந்த. புழு சாவுற மருந்துதான் அதுவும். அப்ப எங்க போச்சு உன் மைக்கு?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். டீ மாஸ்டரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். மேடம், நான் அன்றைக்குச் சிரித்ததைத்தான் முதல் குற்றம் என்பேன். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாசகர் வட்டத்து வசந்தகுமார் இதைக் கேள்விப்பட்டு, இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றிவிடுவது என்று முடிவுகட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்தில் விவாதம், மத்தியானம் சாப்பாடு. காயை மாப்பிள்ளை கொண்டுவருவார், சமையல் என்னுடையது. விஷம் என்று சொல்கிறவன் கையாலேயே சமைத்து ஊர் சாப்பிடட்டும் என்பது மாப்பிள்ளையின் யோசனை. எனக்கும் அது பிடித்துப்போயிற்று.

அந்த வாரம் கனகம் வீட்டுக்குப் போனேன். மோட்டார் ரூம் மூலையிலிருந்து ஒரு பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி எடுத்துவந்தாள். பழைய பூச்சிமருந்து, முக்கால் பாட்டில்.

"இப்பல்லாம் இது தேவப்படலணா. வூட்ல வெச்சிக்கவே பயமா கீது. உங்க கம்பெனில இந்த மாரி வெசத்தையெல்லாம் தனியா வாங்கினு போயி அழிப்பாங்களாமே, அதுல போட்டுடு."

அது உண்மைதான். ஆலைக்கழிவை எடுக்க மாதம் ஒரு வண்டி வரும். வாங்கி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தேன். வண்டி வரும் நாளுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

யாரும் சாகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். நாற்பது பேர், ஆளுக்கு ஒரு கரண்டி. அந்த ஒரு கரண்டிக்கு வாந்தி வரவேண்டும், மண்டபமே குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடவேண்டும், அவ்வளவுதான். தலைக்கு இத்தனை என்று அளந்து போடுவதுதானே என் தொழில். எவ்வளவு ஊற்றினேன், வாடையை எப்படி மறைத்தேன் என்பதை மட்டும் கேட்காதீர்கள். இதை நாலு பேர் படிப்பார்கள், யாருக்காவது கெட்ட புத்தி வந்துவிடும்.

அன்றைக்கு நான் பேசியதுபோல் என் ஆயுசில் பேசியதில்லை. கால் தரையில் படவில்லை. மாப்பிள்ளை முதலில் எழுந்து, கனகம் மயங்கி விழுந்த கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பேச வராது. நான் எழுந்து நாற்பது நிமிஷம் பேசினேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுவும் பிள்ளையும் வந்த இடத்தில் விசில் பறந்தது. கீழே இறங்கி வந்து பரிமாறும்போதும் அந்தக் குஷி குறையவில்லை.

அப்போதுதான் ஒரு கூத்து நடந்தது. யாரும் கத்திரிக்காயைத் தொடவில்லை. கரண்டியோடு போனால் இலைக்கு மேலே கையை வைத்து மறைக்கிறார்கள். சும்மா ருசி பாருங்கள் என்று வரிசை வரிசையாகக் கெஞ்சினேன். "இன்னா சார், இப்பதான் வெசம்னு சொன்ன, இப்ப துன்னச் சொல்ற?" என்று ஒருவர் கேட்டார். பந்தியே சிரித்தது. அவ்வளவு நன்றாகப் பேசியிருக்கிறேன், பாருங்கள். மரியாதைக்காக ஐந்து பேர் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திரம் அப்படியே இருந்தது.

கனகம் தன் இலையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். புருஷனுடைய காய் வீணாகப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. எல்லாரும் பார்க்கும்படி சாப்பிட்டாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளையும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனாள். துண்டு வாங்கியவர்களும் மாப்பிள்ளையும் வாந்தியோடு பிழைத்துக்கொண்டார்கள். பிணவறைக்கு வெளியே நின்று நான் மூன்று பேட்டி கொடுத்தேன். மூன்றிலும் அழுதேன், நிஜமாகவே அழுதேன். எனக்கு அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வயலுக்குப் போய் ஒன்றரை ஏக்கர் செடியையும் கையாலேயே பிடுங்கிப் போட்டார். நான்தான் கனகத்தைக் கொன்றுவிட்டேன் மச்சான் என்று என் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். மனசை விட்டுவிடாதீர்கள், தெரியாமல் செய்ததுதானே என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் மிச்சமில்லை.

என்னை நீங்கள் பிடித்ததுதான் வேடிக்கை. எங்கள் கேன்டீனில் ஒரு வழக்கம். எந்தப் பதார்த்தத்தையும் பரிமாறுமுன் ஒரு சின்ன டப்பாவில் மாதிரி எடுத்து, தேதி, நேரம், கையெழுத்து எழுதி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். யாருக்காவது உடம்புக்கு வந்தால் சோதிப்பதற்கு. கை பழகிவிட்டது. மண்டபத்திலும் அடுப்பை அணைத்ததும் மாதிரி எடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். பாட்டிலை அதற்குப் பிறகுதான் திறந்தேன். டப்பாவில் இருந்தது சுத்தமான கத்திரிக்காய் என்று உங்கள் லேப் சொல்லிவிட்டது, பாத்திரத்தில் இருந்ததில் மருந்து. அடுப்படியைப் பூட்டிவிட்டுத்தான் மேடையேறினேன், நடுவில் உள்ளே இருந்தவன் நான் ஒருவன்தான். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு இந்த உலகத்தில் இதுதான் மரியாதை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், முழுசாக இருக்கட்டும். கனகம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று முறை. இரண்டாவதற்கே அவள் நெற்றி வேர்த்துவிட்டது. அது எதனால் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். போதும் என்று தடுத்தால், டீக்கடையில் மாப்பிள்ளை கேட்ட மாதிரி இன்னொரு தடவை யாராவது கேட்டு எல்லாரும் சிரித்துவிடுவார்களோ என்று இருந்தது. கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு நகரத்தான் பார்த்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னும் ஒரு கரண்டி வையிணா. நீயே வெச்சா எல்லாரும் நம்புவாங்க."

தங்கை கேட்டு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை, மேடம். வைத்தேன். அவள் சொன்னபடியே எல்லாரும் நம்பினார்கள், அந்தக் காய் விஷம்தான் என்று. அந்த விவாதத்தில் ஜெயித்தது நான்தான் என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.