பெரட்டில் வந்த நாத்தம்

தெரணியகலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் தலை குனிந்தபடி சொன்னாள்:

“அக்கா, அன்னைக்குக் காலையில வேலைக்குப் பேர் குடுக்க நின்னப்ப பெரட்டுல நாத்தம் வந்துச்சே, அது நான்தான்.”

மூத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாரும் என்னையில்ல பார்த்துச் சிரிச்சாங்க?”

“சோயா மீட் எனக்கு ஒத்துக்காதுக்கா. மொத நாள் நெறயத் தின்னுட்டேன். வெக்கத்துல நானும் சேந்து சிரிச்சிட்டேன்.”

“எங்க வீட்லயும் சோயா மீட்தான். நான்தான் போலன்னு நெனச்சு, மூணு நாளா எல்லாருக்கும் பின்னாடி தள்ளியே நின்னேன்.”

இளையவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நாளைக்குப் பெரட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிர்றேன்க்கா.”

வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

“சொல்லு,” என்றார் மூத்தவர்.