கீறல் ஆறிய கண்ணாடி

— பால்கனித் தட்டியச் சுருட்டிவிட்டேன், அவ்வளவுதானே மது. வீட்டுக்குள்ள கொஞ்சம் வெளிச்சம்...

— யாரக் கேட்டுச் சுருட்டினீங்க? நான் அக்கா வீட்டுக்குப் போன சமயமாப் பாத்து...

— ...வரட்டும்னுதான். பூஜா பண்டிகை முடிஞ்சதுலேர்ந்து மூங்கில் தட்டியத் தொங்கவிட்டு, பகல்லயும் லைட்டு. வெயில் ஆகாதது நம்ம பொண்ணு மஹிக்குத்தானே. அவளே போயிட்டா, இன்னும் எதுக்கு இருட்டு?

— அவளுக்கும் வெயில் ஆகும்படிதான் நீங்க பண்ணிக் குடுத்தீங்களே.

— அதுக்குத்தானே லேப்ல அந்த ஃபிலிமே பண்ணினேன். புற ஊதாவத் தடுத்துட்டு வெளிச்சத்த மட்டும் விடும். பால்கனிக் கதவுல ஒட்டின அன்னிக்கு, மொத மொதல்ல பகல்ல அங்க உக்காந்து, கீழ போற டோட்டோ ரிக்‌ஷாவெல்லாம் எண்ணினாளே, பாவம்.

— அந்த ஃபிலிம்ல கீறல் விழுந்தா என்ன ஆகும்?

— உனக்குத் தெரியாதா? வெயில் சூடு பட்டா தானா ஒட்டிக்கும். அதானே அதோட...

— ஒட்டிக்கிச்சு. போய்த் தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கு.

— என்ன சொல்ற மது?

— ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குச் சாயங்காலம், ஹேர்பின்னால அதுல எழுதியிருக்கா. மறுநாள் விடியறதுக்குள்ள அவ இல்லாம திரும்பி வந்தப்பத்தான் பாத்தேன். அன்னிக்கே வெயில் படாம தட்டியக் கட்டினேன்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னா? சாம்பிள்னு உரிச்சு லேப்புக்குக் கொண்டுபோயிருப்பீங்க.

— அப்படியா நெனச்ச என்னை. சரி, போன்ல ஒரு படமாவது?

— எத்தனையோ எடுத்தேன். எல்லாத்துலயும் எதிர் பில்டிங்தான் விழுந்திருக்கு. கண்ணுக்கே லேசாத்தான் தெரியும். விரலாலதான் தடவிக்கிட்டிருந்தேன்.

— என்ன எழுதியிருந்தா? அப்பான்னு ஏதாவது...

— தெரியாது.

— தினமும் தடவினேன்கிற, தெரியாதுங்கிற.

— பெங்காலில எழுதியிருந்தா. தமிழ் எழுத்து நாம எங்க சொல்லிக் குடுத்தோம். நீங்களும் நானும் இந்த ஊர் பஸ் போர்டக்கூடப் பக்கத்துல நிக்கிறவங்களக் கேட்டுத்தானே ஏறுறோம்.

— அவளுக்கு எழுதச் சொல்லிக் குடுத்த பெங்காலி அம்மா, அந்த பௌதியே பக்கத்து ஃப்ளாட்லதான இருக்காங்க. ஒரு நிமிஷம் கூப்பிட்டிருந்தா வாசிச்சுச் சொல்லியிருப்பாங்களே மது. ஏன் கேக்கல?

— கேட்டுட்டா, அப்புறம் அவ எங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணும் பாக்கி இருக்காதேங்க.