ஓடிபி போகிற வீடு

காரிமங்கலத்திலிருந்து தர்மபுரி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் ஃபைல் வைத்திருந்தவர் சொன்னார்:

“விவாகரத்தாகி ரெண்டு வருசமாச்சுங்க. இன்னமும் என் ஓடிபி அவரு போனுக்குத்தான் போவுது.”

“நம்பரை மாத்தலீங்களா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“ஆதார்ல மாத்திட்டேன். ரேசன், பேங்க், கேஸ் சிலிண்டருன்னு எல்லாத்துலயும் தனித்தனியா மாத்தணுமாம்.”

“கேட்டா சொல்றாருங்களா?”

“கூட இருந்தப்ப என் போனையே எடுக்க மாட்டாரு. பிரிஞ்சப்பறம் மொத ரிங்குலயே எடுத்தாரு. போன மாசம் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாரு. இப்ப அந்தப் பொண்ணுதான் எடுக்குது. ‘எழுதிக்குங்கக்கா’ன்னு ஆறு நம்பரையும் ரெண்டு தரம் சொல்லுது.”

“நல்ல பொண்ணுதான்.”

“நல்ல பொண்ணுங்க. அதான் நேத்து சொன்னேன், ‘மொதல்ல உன் பேருல ஒரு சிம் வாங்கிக்க கண்ணு’ன்னு.”