டெனிஸின் பப்பில் இருந்த பியானோவுக்கு வேரோனிக்காவை அழைத்துச் சென்றது பற்றி

பெயர்: யோகராணி இராசரத்தினம். வயது: 63. முகவரி: மோர்னிங்சைட் அவெனியூ, ஸ்காபரோ, அடுக்குமாடி, ஒன்பதாம் தளம். தொழில்: முன்பு பப் ஒன்றின் சமையலாள், தற்போது வேலை இல்லை. கணவர் காலமாகிவிட்டார். வாக்குமூலம் பதியப்பட்ட நாள்: 2025 தை மாதம் 24ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சாம்பவி தமிழிலேயே எழுதினார். சட்டத்தரணி வரும்வரை பேசாமலிருக்க எனக்கு உரிமை உண்டு என்று சொல்லப்பட்டது. நான் பேச விரும்புகிறேன்.

கிங்ஸ்டன் வீதியில் உள்ள பிளாசாவில் டெனிஸ் என்பவர் நடத்திய பப்பில் நான் பதினாறு வருடம் சமைத்தேன். டெனிஸ் நியூஃபவுண்ட்லாந்தைச் சேர்ந்தவர். வேரோனிக்கா அங்கே துப்புரவு வேலைக்கு வந்தார். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், குருநகரில் பிறந்தவர், அங்கே கத்தோலிக்கக் கோவிலில் ஓர்கன் வாசித்தவர். அதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் தரையைத் துடைத்து முடித்துவிட்டு, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது, மூலையில் இருந்த பழைய பியானோவில் உட்கார்ந்து வாசித்தார். டெனிஸ் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதன் பின்னர் ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை வேரோனிக்கா வாசித்தார், நான் பாடினேன்.

பைலா ஆட்டப்பாட்டும் வாசிப்போம், பழைய சினிமாப் பாட்டும் வாசிப்போம், டெனிஸின் ஊர்க்காரர் தங்கள் கடற்பாட்டுகளைச் சொல்லித் தந்தார்கள். பஸ் ஓட்டும் அன்புராசா இரண்டு கரண்டிகளைத் தொடையில் தட்டித் தாளம் போடுவார். நானும் வேரோனிக்காவும் இஞ்சிச் சோடா மட்டுமே குடித்தோம். ஆனாலும் பப்பில் பாடுகிற பொம்பிளையள் என்று பெயர் வந்தது. என் கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த ஞாயிறும் நான் அங்கே போய்ப் பாடினேன். அதன் பின்னர் கணவரின் சகோதரிகள் என்னோடு பேசுவதில்லை. வேரோனிக்காவின் கணவர் சீமோன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அவரைக் கடைசியாகக் கண்ட காலையில் இருவரும் சண்டை பிடித்ததை வேரோனிக்கா தன் மகனுக்கும் சொன்னதில்லை. பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். எனக்கு அவரைவிட நெருங்கிய ஆள் இந்த நாட்டில் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மறதி நோய் தொடங்கியது. அவருடைய மகன் ஜெனோசன் பிக்கரிங்கில் உள்ள தன் வீட்டுக்கு அவரைக் கூட்டிச் சென்றார். ஞாயிறுகளில் ஜெனோசனே காரில் பப்புக்குக் கொண்டுவந்து விட்டார். பல பெயர்கள் மறந்தன, வழி மறந்தது, வாசிப்பது மறக்கவில்லை. பிளாசாவை இடித்து உயரக் கட்டடம் கட்டப்போவதால் சென்ற வருடம் புரட்டாதி 29ஆம் திகதி பப் மூடப்பட்டது. டெனிஸ் தன் ஊருக்கே போய்விட்டார். அதன் பின்னர் வேரோனிக்கா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சையும் குறைத்தார். வேலைக்குப் போகிறேன் என்று வீட்டைவிட்டு இறங்கினார். ஒரு தடவை நெடுஞ்சாலை ஏறும் பாதையில் அவரைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஜெனோசனும் மனைவி அனோஜாவும் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டத் தொடங்கினார்கள். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது, மாத முடிவில் கொண்டுபோய் விடுவார்கள் என்று அனோஜா எனக்குச் சொன்னார்.

21ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 10.15க்கு வேரோனிக்கா தொலைபேசியில் அழைத்தார். "யோகா, கதவு திறக்குதில்லை. வேலைக்கு நேரம் போட்டுது. டெனிஸ் காத்துக்கொண்டு நிப்பான்" என்றார். அழுதார். நான் "இரு, வாறன்" என்று சொல்லிவிட்டு டாக்சியில் போனேன். 11.10 அளவில் வீட்டை அடைந்தேன். வேரோனிக்கா பின்கதவின் கண்ணாடிக்கு உட்பக்கத்தில் கோட்டுக்கு எல்லாப் பொத்தானும் போட்டு, கைப்பையை மாட்டி, ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு நின்றார். கண்ணாடி முழுக்க அவருடைய உள்ளங்கைத் தடம் இருந்தது. ஜெனோசன் வேலை செய்யும் தொழிற்சாலையில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று தெரிந்தும் இரண்டு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. அதன் பின்னர் வெளியே கிடந்த பனி அள்ளும் சவளால் கண்ணாடியை உடைத்தேன். அதை நான்தான் உடைத்தேன்.

உள்ளே போய் அவரோடு மகன் வரும்வரை இருந்திருக்கலாம் அல்லவா என்று இதைப் பதியும் பொலிஸ் அதிகாரி கேட்டார். இருந்திருக்கலாம். அடுத்த கிழமை பிளாசாவை இடிக்கத் தொடங்குவார்கள் என்ற அறிவித்தலை நான் வேலியில் வாசித்திருந்தேன். பியானோவை எடுத்துப்போக ஒருவரும் கேட்கவில்லை, அதை டெனிஸ் உள்ளேயே விட்டுவிட்டார் என்பதும் எனக்குத் தெரியும். இல்லத்துக்குப் போனால் அவர் இனி வாசிக்கமாட்டார் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல நியாயம் இல்லை.

அதன் பின்னர் அவருக்கு மற்றச் சப்பாத்தையும் போட்டு, டாக்சியில் கூட்டிக்கொண்டு 12.20 அளவில் பப்பை அடைந்தோம். வேலியின் ஒரு பக்கம் விலகியிருந்தது. சமையலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ளினால் பூட்டு விட்டுக்கொடுக்கும், அது எனக்குப் பழக்கம். உள்ளே மின்சாரம் இல்லை, பலகை அடித்த யன்னல்களின் இடுக்கால் வெளிச்சம் வந்தது. நாற்காலிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். பியர் குழாய்களைக் கழற்றிய இடத்தில் ஓட்டைகள் இருந்தன. வேரோனிக்கா முதலில் "வாளி எங்கை?" என்று கேட்டார். வாளி இல்லை என்றேன். தரையைப் பார்த்து "இவ்வளவு ஊத்தையாய் விட்டிட்டாங்கள்" என்று கோபித்தார். அதன் பின்னர் தானாகவே மூலைக்குப் போய், வெறும் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தார்.

ஏழெட்டுக் கட்டைகள் சத்தம் போடவில்லை. அவர் அவற்றை விட்டுவிட்டு வாசித்தார். முதலில் கோவிலில் வாசிப்பது போல மெதுவாக வாசித்தார், பிறகு பைலா, பிறகு நான் பாடுகிற பாட்டுகள். நான் பாடினேன். குளிரில் எங்கள் வாயிலிருந்து புகை வந்தது. ஒரு பாட்டின் இரண்டாவது அடியை நான் மாற்றிப் பாட, அவர் வாசிப்பை நிறுத்தி, "பதினாறு வருசமாய் உதைப் பிழையாய்த்தான் பாடுறாய்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் வாசித்தார்.

1.30 அளவில் அவருடைய விரல்கள் நீலமாக இருப்பதைக் கண்டு, "போவம், வா" என்றேன். "ஆக்கள் இன்னும் வரேல்லை" என்றார். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பியானோவின் மூடியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். சூடாக ஏதும் குடித்தால் மனம் மாறுவார் என்று எண்ணி, என் சால்வையை அவர் மேல் போர்த்தி, "இதிலை இரு, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு ஓடி வாறன்" என்று சொல்லி, வீதிக்கு எதிர்ப்பக்கம் இருந்த கோப்பிக் கடைக்குப் போனேன். நான் கதவைத் தாண்டும்போதும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். கடையில் எனக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். நான் வரிசையை விட்டு விலகவில்லை.

1.55க்குத் திரும்பியபோது பால் பெட்டியில் ஒருவரும் இல்லை. சமையலறைக் கதவு திறந்திருந்தது. காலடித் தடம் வாகனத் தரிப்பிடம் வரை போனது, அங்கே பனி வழித்திருந்ததால் அதற்கப்பால் தெரியவில்லை. நான் கூப்பிட்டேன். கடை கடையாக ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன். அப்படி ஒருவரைக் காணவில்லை என்றார். கையில் இருந்த இரண்டு தேநீரையும் எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

நான் 911ஐ அழைத்தது 2.35க்கு. நாற்பது நிமிடம் நான் அழைக்கவில்லை. உடைத்த கண்ணாடியும் தள்ளித் திறந்த கதவும் என் மனதில் நின்றன. நானே கண்டுபிடித்துவிட்டால் ஜெனோசன் வீடு திரும்பும் முன் அவரை வீட்டில் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போன் என் கையிலேயே இருந்தது. அன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழ் பதினாறு பாகை. இதைச் செவ்வாய் மாலை நான் அதிகாரிகளுக்குச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

4.10க்கு நாயோடு நடக்க வந்த ஒரு பெண் பிளாசாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில், ஓடைக்கரையில், மரத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த வேரோனிக்காவைக் கண்டார். ஒரு கையிலும் உறை இல்லை. மூச்சு இருந்தது. அம்புலன்சில் ஏற்றும்போது நான் கிட்டப் போனேன். கண் திறக்கவில்லை. அன்று மாலை நான் கைது செய்யப்பட்டேன், வேரோனிக்காவை அணுகவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்ற நிபந்தனையில் விடுவிக்கப்பட்டேன். அதற்குக் கையொப்பம் இட்டேன்.

இன்று காலை 7.40க்கு ஜெனோசன் அழைத்தார். நான் அழைக்கவில்லை. எடுத்ததும், "அன்ரி, அம்மா வாசிச்சவவோ?" என்று கேட்டார்.

"ஓம், தம்பி."

"எவ்வளவு நேரம்?"

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் என்றேன். அவர் அழுதது எனக்குக் கேட்டது. அதன் பின்னர் சொன்னார்: "அம்மா கண் முழிச்சிட்டா. நியுமோனியா எண்டு சொல்லினம். ஞாயிறு தாண்டுறது கஷ்டமாம். உங்களைத்தான் கேக்கிறா. யோகா ஏன் வேலைக்கு வரேல்லை எண்டு கேட்டபடி கிடக்கிறா." எனக்கு வர இயலாது என்றேன். "தெரியும் அன்ரி. நான் பொலிஸோடை கதைக்கிறன்" என்றார்.

கதவை வெளியே பூட்டியதற்காக ஜெனோசன் மீது எந்தக் குற்றமும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் தாயை உயிரோடு வைத்திருக்கப் பூட்டினார். திறந்தவள் நான், தனியே விட்டவள் நான், நாற்பது நிமிடம் ஒளித்தவள் நான். எனக்கு எந்தத் தண்டனை என்றாலும் ஏற்பேன். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம், காவலரோடு, கையில் விலங்கு போட்டென்றாலும், என்னைக் கொண்டுபோய் விடும்படி கேட்டேன். மகன் சம்மதிக்கிறார் என்பதையும் சொன்னேன்.

நிபந்தனையை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, திங்கட்கிழமை நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று அதிகாரி பதிலளித்தார். இன்று வெள்ளி என்று நான் சொன்னேன். அதை இரண்டாவது முறையும் சொன்னேன். நான் இரண்டு முறை சொன்னதாக இதில் எழுதும்படி கேட்டேன், எழுதப்பட்டுள்ளது.

இவ்வளவும் எனக்குத் தமிழில் முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டது. ஒருவரும் வற்புறுத்தாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) இ. யோகராணி
பிற்பகல் 3.25