தாய்மொழிக்காரர் மட்டும்

மாலை ஐந்து மணிக்குமேல் எங்கள் வீட்டில் யாரும் கறி தாளிப்பதில்லை. சத்தம் மைக்கில் விழும். என் மனைவி செல்வமலர் நாலரைக்குள் சமையலை முடித்துவிடுவாள்.

நான் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். மொன்றியலில் முப்பத்தொரு இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் என்றார்கள். டவுன்டவுன் உணவகம் ஒன்றில் வெங்காயம் உரித்தேன். கண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்காத வேலை.

பிரேசில் பிள்ளைகளுக்கு இணையத்தில் வகுப்பெடுக்கும் நிறுவனம் ஒன்று என் மகள் ஆர்த்திகாவை உடனே எடுத்தது. அவளுக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆனால் இங்கே பிறந்தவள். ஆங்கிலம் வாயில் ஓடும்; பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் அதன் இலக்கணம் தெரியாது. உணவக வேலையை விட்டுவிட்டுப் பாடத்தை நான் எழுதினேன். கமராவுக்கு முன்னால் அவள் வாசித்தாள். மேசையின் மறுபக்கம் நான் இருப்பேன். என் வசனத்தை ஒரு பிள்ளை திருப்பிச் சொல்லும்போது கண் கலங்கிவிடும். இருபது வருடத்துக்குப் பிறகு நான் மறுபடியும் வாத்தியார்.

ஆர்த்திகா ஒட்டாவாவில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். வீட்டுப் படிவமெல்லாம் நான்தான் நிரப்புவது. என் மின்னஞ்சலையே கொடுத்திருந்தேன். பங்குனியில் இடம் கிடைத்த செய்தி எனக்கே வந்தது. அவள் போனால் நான் மறுபடி வெங்காயத்துக்குப் போகவேண்டும். அதை என்னால் தாங்கமுடியாது.

இடம் வேண்டாமென்று அவள் பெயரில் எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. என் ஆங்கிலத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. பிறகு அவர்கள் பெயரில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் ஆங்கிலம் ஆசிரியர் வேலைக்குப் போதாது, வருந்துகிறோம் என்று. அனுதாபத்தோடுதான் எழுதினேன்.

மூன்று நாள் அவள் அறையைவிட்டு வரவில்லை. வகுப்பு நேரத்துக்கு மட்டும் முகம் கழுவி வந்து சிரித்தாள். நாலாம் நாள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, நான் கதைக்கிற இங்கிலீசும் பிழையோ?"

"கொஞ்சம்."

"எனக்கும் படிப்பிக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை."

இப்போது தினமும் ஒரு மணி நேரம் படிப்பிக்கிறேன். வாயைத் திறக்கமுன் என் முகத்தைப் பார்க்கிறாள். சில நாட்களில் ஒன்றும் பேசாமலே எழுந்துபோகிறாள். அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பிக்கட்டோ என்று நேற்றுக் கேட்டாள். இங்கிலீசு இன்னும் காணாது, போதாது என்றேன். வாத்தியார் என்றால் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்.