வார்னிஷ் அடிச்ச கிட்டார்

இல்ல தம்பி, அந்தப் பளபளன்னு இருக்கறதையெல்லாம் எறக்கவே எறக்காதீங்க. எனக்குப் பழைய கிட்டார்தான் வேணும். எழுபது எண்பது வருஷமாவது ஆயிருக்கணும். மேல் பலகை வயலின் மாதிரி மேடா இருக்கும், நடுவுல வட்ட ஓட்டை இருக்காது, ரெண்டு பக்கமும் வளைவா கிழிச்சிருக்கும். ஆங், ஆர்ச்டாப்பு. அதேதான். அந்தப் பேரைச் சரியாச் சொல்ல எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு.

ஐயய்ய, எனக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு. அவரும் வாசிக்க மாட்டாரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். இதே மாதிரி ஒண்ணப் பதினாறு வருஷமா வச்சிருந்தாரு. ஞாயித்துக்கிழமையானா பொட்டியத் திறப்பாரு, அந்தக் கிழிசல்ல மூக்க வச்சு மோந்து பாப்பாரு, டார்ச் அடிச்சு உள்ள ஒட்டியிருக்கற சீட்டைப் படிப்பாரு, மூடிருவாரு. வந்தவங்க யாராவது ஒரு பாட்டு வாசிங்களேன்னு கேட்டா, இன்னிக்குக் காத்துல ஈரம் ஜாஸ்தி, மரம் தாங்காதும்பாரு. எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை மேசை மேல இருக்கு பாருன்னு சொல்றவருதான்.

போன மாசம் அவரு வேலையா வெளியூர் போயிருந்தாரு. பொறந்தநாள் வேற வருது. சரி, மனுசனுக்கு ஒரு நல்லது பண்ணுவோமேன்னு, எங்க பீரோவுக்குப் பாலீஷ் போட்டவரைக் கூப்பிட்டேன். அவரும் அந்தக் கிட்டாரை உப்புத்தாள் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு, மூணு தடவ வார்னிஷ் அடிச்சுக் குடுத்தாரு. அதுல மொகம் பாத்துத் தல சீவலாம்.

என்ன தம்பி, உக்காந்துட்டீங்க? கொஞ்சம் தண்ணி குடிங்க. பழைய பூச்சு போனா மதிப்பும் சேந்து போயிரும்னு எனக்கு என்ன தெரியும்? அழுக்குக்குத்தான் வெலைன்னு யாரு கண்டா? முப்பது வருஷமா பாத்திரம் தேய்க்கறேன், தேய்க்காம விட்டிருந்தா இந்நேரம் நான் கோடீஸ்வரி.

வீட்டுக்காரரு ஊர்லேருந்து வந்தாரு. பொட்டியத் திறந்தாரு. மோந்து பாத்தாரு. நான் சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னால நிக்கறேன். இன்னியோட நம்ம கதை முடிஞ்சுதுன்னே நெனச்சேன். ஆனா திட்டல தம்பி. சமையக்கட்டுக்கு வந்து, சரி விடு, நீ என்ன வேணும்னேவா பண்ணேன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. என்ன சொன்னாலும் நல்ல மனுசன்.

ஈடு கட்டறதுக்கா? அட, அவரு ஒண்ணுமே கேக்கல. அப்புறம் எதுக்கு இன்னொண்ணுன்னா, அத எப்படிச் சொல்றது? இனி அதுல பொத்திப் பாதுகாக்க என்ன இருக்குன்னு, மறுநாள் காலைலேருந்து எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுட்டாரு. ஆபீஸ் போற வரைக்கும், வந்ததும் வராததுமா, ஒரே பாட்டு. அதுவும் பாதிதான் தெரியும். மாடி வீட்டுக்காரங்க வேற வீடு பாக்கறாங்க. எங்க மாமியார் காது மெஷினக் கழட்டி வச்சுட்டாங்க. எனக்குத்தான் கழட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. போதும்னு சொல்லவும் மனசு வரல தம்பி, கொழந்த மாதிரி அவ்வளவு சந்தோஷமா இருக்காரு.

அந்தக் கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்களே, அது எவ்வளவு? அம்மாடி! பரவால்ல, பேரம் பேச மாட்டேன். அதவிட வெலை கூட இருந்தாலும் காட்டுங்க. அவரு தொடவே பயப்படணும்.